நீ கேட்ட தேதிகள்

அங் மோ கியோ, சிங்கப்பூர்
7 ஏப்ரல் 2024, ஞாயிறு

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். நான் நலம். அக்கா போன சனிக்கிழமை வந்து மின்விசிறியைத் துடைத்துவிட்டுப் போனாள். முழங்கால் அப்படியேதான் இருக்கிறது, அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

வியாழக்கிழமை நீ அனுப்பிய செய்தி கிடைத்தது. ‘அம்மா, கவினுக்கு ஸ்கூலில் ஆன்சாக் தினத்துக்கு ஒரு புராஜெக்ட். அப்பாவோட டேட்ஸ் வேணும். பிறந்தது, வந்தது, ஆர்மியில சேர்ந்தது, ரேங்க்.’ ஆன்சாக் என்பது ஆஸ்திரேலியாவில் படைவீரர்களை நினைக்கும் நாளாம். மூன்று வாரமாகச் சத்தமே இல்லை, அப்புறம் இது. எண்ணிப் பார்த்தேன், பதினைந்து சொல். தமிழ் வாத்தியார் வேலை பார்த்தவள் எண்ணத்தான் செய்வாள். உனக்கு வேலை அதிகம், தெரியும். சுரங்கத்துக்குப் பறந்து போய் இரண்டு வாரம் தங்கி வருகிறாய், அதுவும் தெரியும். ஆனால் பெர்த்துக்கும் நமக்கும் நேரம் ஒன்றுதான். இங்கே எட்டு மணி என்றால் அங்கேயும் எட்டு மணி. லண்டனில் இருக்கும் பிள்ளைகள் ‘இங்க நடுராத்திரி அம்மா’ என்று சொல்லிக்கொள்ளலாம். உனக்கு அந்தச் சாக்கும் இல்லை.

சரி, விடு. கேட்டதைத் தருகிறேன். போனிலேயே தட்டியிருக்கலாம்தான், என் கட்டைவிரலுக்கு அது ஒத்துவரவில்லை. அதோடு சில தேதிகள் ஒரு வரியில் அடங்குவதாகவும் இல்லை. கவினுக்கு எது வேண்டுமோ அதை எடுத்து ஆங்கிலத்தில் சொல்லிக் கொடு. மீதியை நீ படி.

பிறந்தது 1940, திருத்துறைப்பூண்டிப் பக்கம். அடையாள அட்டையில் ஜனவரி 1 என்று இருக்கும். அது நிஜமில்லை. ஆடி மாதம், அமாவாசை கழிந்து மூன்றாம் நாள் என்றுதான் அவர் அம்மா சொல்லியிருக்கிறார். நாள் தெரியாமல் கப்பலில் வந்த எத்தனையோ பேர் ஜனவரி 1-இல்தான் பிறந்தார்கள். கவினையும் ஜனவரி 1 என்றே எழுதச் சொல். ஒரு தடவை படிவத்தில் ஏறிவிட்டால் அதுதான் நிஜம். அதை நான் நன்றாக அறிவேன், பிறகு சொல்கிறேன்.

வந்தது 1951. நாகப்பட்டினத்தில் ரஜுலா கப்பல். கப்பல் கரைக்கு வராது, படகில் போய்த் தொற்றி ஏற வேண்டும். பதினோரு வயதுப் பிள்ளை, கையில் ஒரு தகரப் பெட்டி, பாட்டி கட்டிக் கொடுத்த புளிச்சோறு. அது இரண்டாம் நாளே தீர்ந்துவிட்டது. பினாங்கு, கிள்ளான், அப்புறம் சிங்கப்பூர். வந்தும் ஊருக்குள் விடவில்லை. செயின்ட் ஜான்ஸ் தீவில், நோய்த்தடுப்பு முகாமில் ஒரு வாரம் வைத்துவிட்டார்கள். ராத்திரியில் அங்கேயிருந்து பார்த்தால் துறைமுகத்து விளக்கெல்லாம் தெரியுமாம். ‘கையை நீட்டினா தொட்டுடலாம் போல இருக்கும், ஆனா விட மாட்டான்’ என்று செந்தோசா போகும்போதெல்லாம் சொல்வாரே, நீயும் அக்காவும் கூடவே சேர்ந்து சொல்லிச் சிரிப்பீர்களே, அந்த விளக்குகள்தான்.

அவருடைய அப்பா, நம் செம்பவாங் தாத்தா, வெள்ளைக்காரன் கடற்படைத் தளத்தில் கூலிவேலை பார்த்தார். லைன் வீட்டில் ஓர் அறைக்கு எட்டுப் பேர். எல்லாரும் ஊரில் பெண்டாட்டி பிள்ளையை விட்டுவிட்டு வந்த ஆண்கள், நடுவில் இந்த ஒரே ஒரு சிறுவன். பள்ளிவிட்டு வந்ததும் கரிப்பெட்டியில் அத்தனை பேர் சட்டைக்கும் இஸ்திரி போடுவார். சட்டைக்கு ஐந்து காசு. அப்பாவின் மடிப்புக் கலையாத சட்டையைப் பார்த்து நீ அதைப் பட்டாளத்துப் பழக்கம் என்று நினைத்திருக்கிறாய். இல்லை. பட்டாளம் வருவதற்கு வெகுகாலம் முன்பே அவருக்கு அது சோற்றுப் பழக்கம். கவின் இதை எழுதினால் நன்றாக இருக்கும்.

குடியுரிமை 1959. பல வருஷம் இங்கே இருந்தவர்கள் பதிந்துகொள்ளலாம் என்று 1957-இல் சட்டம் வந்தது. இவர் தன் முறை வந்ததும் முதல் ஆளாகப் போய் நின்றார். தாத்தா வரவில்லை. ‘நான் சம்பாதிக்க வந்தவன், சத்தியம் பண்ண வந்தவன் இல்லை’ என்றுவிட்டார். கையைத் தூக்கிச் சத்தியம் செய்யும்போது பழைய இடத்தின் மீதுள்ள விசுவாசத்தை விட்டுவிடுகிறேன் என்றும் சொல்ல வேண்டுமாம். அந்த வரி வந்தபோது அடிவயிறு பிசைந்தது, பாட்டி முகம் வந்தது, ஆனாலும் குரல் நடுங்காமல் சொன்னேன் என்பார். எனக்குக் கல்யாணமான புதிதில் சொன்னது. அதற்குப் பிறகு அதைப் பற்றி அவர் பேசியதே இல்லை.

அது இருக்கட்டும். போன மாதம் வீடியோவில் பேசும்போது கவின் ஏதோ விழா இருக்கிறது, அதில் ஒரு மரக்கன்று கொடுப்பார்கள் என்று சொன்னான். மீரா உடனே அவனைக் குளிக்கக் கூப்பிட்டுவிட்டாள். நானும் அதற்குமேல் கேட்கவில்லை. கீழ்வீட்டு லிலி ஆன்டியின் மகளுக்கும் அடிலெய்டில் அப்படி ஒரு கன்று கொடுத்தார்களாம், இப்போது வேலி உயரம் வளர்ந்திருக்கிறதாம். உங்களுடையது என்ன ஜாதி? தொட்டியிலா, தரையிலா? அங்கே மண் வெறும் மணல் என்று நீதான் சொல்லியிருக்கிறாய். வேர் பிடிக்கிறவரை தண்ணீர் ஊற்று. கவினுக்கும் விளையாடப் போகும்போது பெரிய போத்தலில் தண்ணீர் கொடுத்து அனுப்பு. தாகம் எடுத்த பிறகு குடித்தால் தாமதம்.

தலைத்திவசத்துக்கு நீ வராததை நான் குறையாகச் சொல்லவில்லை. விடுப்புக் கிடைக்காவிட்டால் என்ன செய்வாய். அக்கா வீட்டுக்காரர் எல்லாம் பார்த்துக்கொண்டார். ஐயர்தான் ‘மகன் வரலையா’ என்று இரண்டு தடவை கேட்டார். அவருக்கு வயதாகிவிட்டது, முதல் தடவை கேட்டதை மறந்திருப்பார்.

படையில் சேர்ந்தது 1967. அதுவரை தளத்தில் ஸ்டோர் கிளார்க். நல்ல வேலை, வெள்ளைக்காரன் சம்பளம். 1965 மார்ச் 10-இல் ஆர்ச்சர்ட் ரோட்டில் மெக்டோனல்ட் ஹவுஸ் குண்டுவெடிப்பில் மூன்று பேர் செத்தபோது மனிதர் இரண்டு நாள் சாப்பிடவில்லையாம். அந்த வருஷமே ஆகஸ்டில் தனி நாடு. நம்மிடம் அப்போது இருந்ததே இரண்டு பட்டாளம். பத்திரிகையில் அதிகாரிப் பயிற்சிக்கு ஆள் கேட்டார்கள், எழுதிப் போட்டார். பாசிர் லாபாவில் சாஃப்டி முகாம். கூட இருந்தவர்களுக்குப் பதினெட்டு, பத்தொன்பது வயது. இவருக்கு இருபத்தேழு. ‘அங்கிள்’ என்று கூப்பிடுவார்களாம். சொல்லிக் கொடுத்தவர்கள் இஸ்ரேல்காரர்கள். வெளியே மெக்சிகோக்காரர்கள் என்றுதான் சொல்ல வேண்டும். அப்பா வீட்டிலும் கடைசிவரை ‘மெக்சிகோ வாத்தியார்’ என்றே சொன்னார். ரகசியம் என்றால் அவருக்கு ரகசியம்தான், உலகமே பேசினாலும் சரி.

1968-இல் தோளில் ஒற்றைப் பட்டை. எங்கள் வீட்டில் பெண் கேட்டு வந்தது அப்போதுதான். என் அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. அந்தக் காலத்தில் யாருக்கும் படை பிடிக்காது. ‘நல்ல இரும்பில் ஆணி அடிக்க மாட்டார்கள், நல்ல பிள்ளை சிப்பாயாகப் போக மாட்டான்’ என்று சீனர்கள் சொல்லும் பழமொழியை எங்கள் கடைக்கு வரும் கிழவிகள் என் அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போவார்கள். கடைசியில் அவரை மடக்கியது அந்த இஸ்திரிதான். ‘இப்படிச் சட்டை போடுகிறவன் பெண்ணைப் பட்டினி போட மாட்டான்’ என்றார். 1969-இல் சிராங்கூன் ரோடு பெருமாள் கோயிலில் கல்யாணம். அவருடைய பிளட்டூன் பையன்கள் முப்பது பேர் வரிசையில் நின்று சிவப்பு உறை கொடுத்தார்கள். என் அத்தைகள் பயந்து பின்னால் போய்விட்டார்கள்.

அந்தப் பையன்களில் பாதிப் பேருக்கு ஆங்கிலமும் தெரியாது, மலாயும் தெரியாது. அணிவகுப்புக் கட்டளை மலாயில், திட்டு வாங்குவது ஆங்கிலத்தில், அழுவது ஹொக்கியன் சீனத்தில். அதனால் அப்பா முப்பது வயதில் ஹொக்கியன் கற்றுக்கொண்டார். சமையலறையில் என்னை நிற்க வைத்து ‘சாப்பிட்டாயா, கால் கொப்புளம் எப்படி இருக்கிறது, அம்மாவுக்குக் கடிதம் போட்டாயா’ என்று ஹொக்கியனில் ஒப்பிப்பார். அந்த மூன்றும் வந்தால் போதும், மீதியைச் சைகையில் பார்த்துக்கொள்ளலாம் என்பார்.

செம்பவாங் தாத்தா திரும்பிப் போனது 1970. வெள்ளைக்காரன் தளத்தை மூடிக்கொண்டு போகிறேன் என்று 1968 ஜனவரியிலேயே சொல்லிவிட்டான். கப்பல் பட்டறையை நம் அரசாங்கத்துக்கு ஒரு டாலருக்குக் கொடுத்தான். தாத்தாவின் முப்பது வருஷத்துக்குக் கொஞ்சம் பணமும் ஒரு சுவர்க் கடிகாரமும். அதே ரஜுலா கப்பல். நானும் அக்காவை வயிற்றில் வைத்துக்கொண்டு வழியனுப்பப் போயிருந்தேன். ‘நீ வரலையாப்பா’ என்று தாத்தா கேட்டார். ஒரே ஒரு தடவைதான். அப்பா பதில் சொல்லவில்லை. குனிந்து தகரப் பெட்டியின் கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினார். சரியாகத்தான் இருந்தது அந்தக் கயிறு. அதை இரண்டு தடவை அவிழ்த்துக் கட்டினார்.

1973-இல் தந்தி வந்தபோது அப்பா காட்டில் பயிற்சியில் இருந்தார். சேதி அவர் கைக்குப் போக மூன்று நாள் ஆயிற்று. அங்கே எல்லாம் முடிந்துவிட்டது. மொட்டை அடிக்க வேண்டும், ஆனால் தலையில் ஏற்கெனவே முடி ஒட்ட வெட்டித்தான் இருந்தது. பட்டாளத்தில் ஒருவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

தாத்தா கேட்ட கேள்வியை நாங்கள் உன்னிடம் கேட்கவில்லை. அதைக் கவனித்தாயா? 2016-இல் சாங்கியில் கவினை நான் இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றேன், ஐந்து வயதுப் பிள்ளை, கனம் தாங்கவில்லை, இருந்தாலும் இறக்கிவிட மனமில்லை. அப்பா உன் பெட்டியைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு ‘இருபத்தொன்பது’ என்றார். தராசில் வைத்தபோது சரியாக இருபத்தொன்பது கிலோ. நீ சிரித்தாய். அவரும் சிரித்தார். வீட்டுக்கு வந்து காலணியைக் கழற்றாமல் நாற்காலியில் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தார். அதை நான் உன்னிடம் சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன்.

நீ போனது தப்பு என்று சொல்ல வரவில்லை. போனவர்களின் வீடுதான் இது. ஒருவர் வந்தார், போனார். ஒருவர் வந்தார், இருந்தார். நீ இருந்தாய், போனாய். எனக்கு மட்டும்தான் வரவும் தெரியவில்லை, போகவும் தெரியவில்லை. பிறந்த ஊரிலேயே எழுபத்தாறு வயதாகிவிட்டது.

அடுத்து 1974. இதைக் கவினுக்குச் சொல்ல வேண்டாம்.

அப்பாவின் கம்பெனியில் ஒரு பையன். வெயிலில் நீண்ட தூர ஓட்டம், முடிக்க இன்னும் கொஞ்ச தூரம் இருக்கும்போது விழுந்தான். சூடு தலைக்கு ஏறிவிட்டது. மறுநாள் விடியும் முன்பே போய்விட்டான். பத்தொன்பது வயது. தோ பாயோவில் வீடு, நான்காவது மாடி. சேதி சொல்ல அப்பாதான் போக வேண்டும். அந்த அம்மாவுக்கு ஹொக்கியன் தவிர வேறு தெரியாது. ‘நீயும் வா, ஒரு பொம்பளை பக்கத்துல இருந்தா நல்லது’ என்றார். நீயும் அக்காவும் பக்கத்து வீட்டில். நான் போனேன். புளோக்கின் கீழே கார் நின்றதும் என்னால் இறங்க முடியவில்லை. கதவுப் பிடியைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தேன். அவர் ஒரு நிமிஷம் பார்த்தார், தொப்பியைச் சரிசெய்துகொண்டு தனியாகப் படியேறினார். கொஞ்ச நேரத்தில் மேலிருந்து அந்தச் சத்தம் வந்தது. அதை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியாது. மொழி புரியாத சத்தம் என்று சொல்ல முடியாது.

அந்த மூன்று கேள்விகள் இருந்தனவே, சாப்பிட்டாயா, கொப்புளம், அம்மாவுக்குக் கடிதம். அவருக்குத் தெரிந்த ஹொக்கியன் அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டு அன்று என்ன சொன்னார் என்று நான் கேட்டதில்லை.

ஒவ்வொரு சீனப் புத்தாண்டுக்கும் அப்பா இரண்டு ஆரஞ்சு வாங்கிக்கொண்டு எங்கே போகிறார் என்று நீ கேட்பாய். பழைய நண்பர் வீடு என்பார். அந்த வீடுதான். முதல் மூன்று வருஷம் கதவு திறக்கவில்லை, பழத்தை வாசலில் வைத்துவிட்டு வந்தார். நான்காம் வருஷம் திறந்தது. அந்த அம்மா போய்ச் சேர்ந்த பிறகும் ஒரு வருஷம் விடவில்லை. இந்தப் பிப்ரவரியில் வாசலில் மணி அடித்தது, போய்ப் பார்த்தால் அந்தப் பையனின் தம்பி. தம்பி என்றால் இப்போது அறுபது வயது ஆள். கையில் இரண்டு ஆரஞ்சு. மேஜர் போன வருஷம் வரவில்லையே என்று யாரையோ விசாரித்தானாம். அப்பா படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டான். திருப்பிக் கொடுக்க வீட்டில் ஆரஞ்சு இல்லை, இரண்டு வாழைப்பழம் கொடுத்தேன். வாங்கிக்கொண்டான்.

அந்தக் காரில் உட்கார்ந்திருந்த அன்று நீ மூன்று வயதுப் பிள்ளை. அன்றைக்கே எனக்குள் ஒரு கணக்கு ஓட ஆரம்பித்துவிட்டது. நீ படைக்குப் போக இன்னும் பதினைந்து வருஷம். இன்னும் பதினான்கு. நீ வளர வளர எனக்குச் சந்தோஷம் பாதி, பயம் பாதி. தண்ணீர் குடி, தண்ணீர் குடி என்று உன்னைப் பிடுங்கியெடுப்பேனே, நீயும் எரிந்து விழுவாயே. அதற்குக் காரணம் இதுதான்.

1989. இதை எழுதத்தான் மற்ற எல்லாத் தேதியையும் எழுதினேனோ என்னவோ.

எல்லாப் பையன்களும் படைக்குப் போயாக வேண்டிய தேசிய சேவைக்கு முன்னால் உனக்கு மருத்துவப் படிவம் வந்தது. பெற்றோர் நிரப்ப வேண்டிய ஒரு பக்கம் அதில் இருந்தது. அப்பா அப்போது தைவானில், பயிற்சிக்குப் போயிருந்தார், வர ஒரு மாதம் ஆகும். நீ தினமும் சாயங்காலம் பீஷான் பூங்காவில் ஓடிக்கொண்டிருந்தாய். அப்பாவின் நிறுத்துக் கடிகாரத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, 2.4 கிலோமீட்டரைப் பத்து நிமிஷத்துக்குள் முடிக்க வேண்டும் என்று. பாசிர் லாபாவுக்குப் போக வேண்டும் என்பதுதான் உன் பேச்சு முழுக்க. உனக்குச் சின்ன வயதில் மூச்சிழுப்பு இருந்தது. ஏழு வயதோடு நின்றுவிட்டது. ‘கடைசியாக எப்போது வந்தது’ என்று படிவத்தில் கேட்டிருந்தார்கள். நான் பதினாறு வயதில் என்று எழுதினேன். அடிக்கடி வரும் என்றும் எழுதினேன். பழைய கிளினிக் அட்டையையும் சேர்த்து உறையில் போட்டு, ஒட்டி, உன் கையில் கொடுத்தேன். நீ பிரித்துப் பார்க்கவில்லை. அப்படிப்பட்ட பிள்ளை நீ.

எழுதியது நான், தம்பி. அப்பா இல்லை.

சோதனையில் உன்னைப் ‘பெஸ் சி’, சண்டைப் பிரிவுக்கு ஆகாது என்று போட்டார்கள். எனக்கு இழுப்பே இல்லை என்று நீ டாக்டரிடம் எவ்வளவோ சொல்லியிருக்கிறாய். ‘வீட்டிலிருந்தே எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்’ என்று அவர் சொன்னார் என்று வந்து சொன்னாய். என்னைப் பார்த்துத்தான் சொன்னாய். ஆனால் நான் எழுதியிருப்பேன் என்று உனக்குத் தோன்றவே இல்லை. அப்பாவுக்கு ஆள் தெரியும், அப்பாதான் போகும்முன் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார், பிள்ளை தாங்க மாட்டான் என்று நினைத்துவிட்டார் என்று நீயாக முடிவு கட்டினாய். நான் சும்மா இருந்தேன். அடுப்பில் ஏதோ இருந்தது, அதைக் கிளறினேன்.

அப்பா திரும்பி வந்ததும் விஷயம் கேட்டார். அவர் வேறொன்று நினைத்துக்கொண்டார். நீயே பயந்து இல்லாத நோயைச் சொல்லிவிட்டாய் என்று. இரவு விளக்கை அணைத்த பிறகு ‘பிடிக்கலைன்னா என்கிட்டயே சொல்லியிருக்கலாமே. பொய் எதுக்கு?’ என்றார். அப்போதும் நான் சும்மா இருந்தேன். தூங்குவது போல மூச்சு விட்டேன்.

நீ இரண்டு வருஷம் ஸ்டோரில் போர்வை எண்ணினாய். அப்பாவும் ஸ்டோர் கிளார்க்காக இருந்தவர்தான், அதைச் சொல்லியாவது உன்னிடம் பேசியிருக்கலாம். பேசவில்லை. அவருக்கு உன் பொய் உறுத்தியது, உனக்கு அவர் செய்த துரோகம் உறுத்தியது. இரண்டுமே நடக்கவில்லை. 1998 தீபாவளியில் ‘போர்வை எண்ணத்தானே நான் லாயக்குன்னு எழுதிக் கொடுத்தீங்க’ என்று நீ கேட்டாயே, அப்பா ஏன் பதில் சொல்லவில்லை என்று இப்போது புரிகிறதா? அவருக்கு நீ பேசியது என்னவென்றே விளங்கவில்லை. முறுக்கைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்து புளோக்குக்குக் கீழே போய்விட்டார். அதற்குப் பிறகு இருவரும் ஒருவரோடு ஒருவர் மரியாதையாகப் பேச ஆரம்பித்தீர்கள். ‘சாப்பிட்டீங்களா அப்பா.’ ‘சாப்பிட்டேன்பா.’ இருபத்தைந்து வருஷம் அந்த மரியாதையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

சொல்வதற்கு இடமே இல்லாமலா போயிற்று? ஆஸ்பத்திரியில் கடைசி வாரம், பாதி நேரம் அவருக்கு நினைவு பாசிர் லாபாவில். ‘செடியா!’ என்று படுக்கையில் கிடந்தே மலாயில் கட்டளை கொடுப்பார். ஒரு மலாய் நர்ஸ் விறைப்பாக நின்று காட்டுவாள், அவர் முகம் மலரும். ஒரு சாயங்காலம் தெளிவாக இருந்தார். ‘செல்வா கேம்புக்குப் புக் இன் பண்ணிட்டானா?’ என்று கேட்டார். பண்ணிட்டான் என்றேன். நீ அப்போது விமானத்தில் இருந்தாய். ‘நல்ல பையன், ஓட்டம் நல்லா இருக்கும்’ என்றார். அந்த நேரம் சொல்லியிருக்கலாம். போர்வையை இழுத்துவிட்டேன். விடிந்ததும் ஒன்றும் சொல்ல முடியாமல் போயிற்று.

இதைப் படித்துவிட்டு உனக்குக் கோபம் வரும். வரட்டும். ஆனால் கோபத்தோடு காரை எடுக்காதே. சுரங்கத்திலிருந்து வந்த அன்று ஓட்டவே ஓட்டாதே, தூங்கி எழுந்து ஓட்டு. இருட்டில் கங்காரு குறுக்கே வரும் என்று நீதான் சொன்னாய்.

இன்னொன்று. உன் பழைய விலாசத்தில், அதாவது இங்கே, கவின் பெயருக்கு அரசாங்கத்திலிருந்து ஒரு கடிதம் வந்திருக்கிறது. இந்த வருஷம் அவனுக்குப் பதின்மூன்று முடியப் போகிறதே. தொலைக்காட்சிக்குப் பக்கத்தில், அப்பாவின் கடிகாரத்துக்கு அடியில் வைத்திருக்கிறேன். பிரிக்கவில்லை. அக்காவிடமும் சொல்லவில்லை. லிலி ஆன்டி ஆயிரம் சட்டம் சொல்கிறாள், எந்த வயதுக்குள் என்ன செய்ய வேண்டும், எது செய்தால் எது போகும் என்று. எல்லாம் கேட்டுக்கொண்டேன். உன்னிடம் ஒன்றும் கேட்க மாட்டேன், ஒன்றும் சொல்லவும் மாட்டேன். அவன் தேசிய சேவைக்குப் போக வேண்டும் என்று அப்பா இருந்தால் சொல்வார். எனக்கு ஒரு நாள் அப்படித் தோன்றுகிறது, மறுநாள் அந்தக் கார் ஞாபகம் வருகிறது. ஒரு பிள்ளைக்கு நான் எழுதிக் கொடுத்தது போதும். நீயும் மீராவும் அவனையும் உட்கார வைத்துப் பேசுங்கள். அவன் இல்லாத நேரத்தில் முடிவு செய்யாதீர்கள். அதை மட்டும் செய்யாதீர்கள்.

கடிதத்தை அனுப்பி வைக்கவா, இல்லை நீ வந்து எடுத்துக்கொள்கிறாயா? வந்தால் ஐந்து மணி நேரம்தான். உன் அறையில் அக்கா புது மெத்தை போட்டிருக்கிறாள்.

இத்துடன் அப்பா படம் ஒன்று வைத்திருக்கிறேன், 1968-இல் எடுத்தது. மடக்கிவிடாதே. நிறுத்துக் கடிகாரம் இன்னும் ஓடுகிறது. கவினுக்கு வேண்டுமா என்று கேட்டுச் சொல்.

அன்புடன்,
அம்மா

பின்குறிப்பு: ரேங்க் கேட்டிருந்தாயே, மறந்தே போனேன். 1990-இல் ஓய்வு பெறும்போது மேஜர். தோளில் அரசுச் சின்னம் ஒன்று, பார்க்க நண்டு மாதிரியே இருக்கும், படையிலும் நண்டு என்றுதான் சொல்வார்கள். அது வந்த அன்று நீ ‘அப்பா இனிமே மீன் மார்க்கெட்டுலயா வேலை பாக்கப்போறாங்க’ என்று கேட்டாய். அவர் அதை முகாம் முழுக்கச் சொல்லிச் சிரித்தார். இதைக் கவின் கட்டாயம் எழுத வேண்டும்.